பிளாஸ்திரி ஏறிய விமானம்

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா? பிளாஸ்திரி விமானம் ஏறின கதையைச் சொல்லு, சொல்லு என்று போகிற இடமெல்லாம் பிடுங்கினால் எப்படி? எதிர்வீட்டு செல்வி கேட்டாள், ரேஷன் கடை வரிசையில் கேட்டார்கள், இப்போது பத்திரிகை வரைக்கும் வந்து கேட்கிறீர்கள். இன்னொருத்தன் பயந்த கதையைக் கேட்பதில் அப்படி என்ன ருசி? நாளைக்கு நீங்கள் விமானத்தில் ஏறும்போது வயிற்றைக் கலக்கினால் என் மேல் பழி போடக் கூடாது. சொல்லிவிட்டேன்.

பயப்படுவதற்கென்றே அரசாங்கம் ஓர் ஆளைச் சம்பளம் போட்டு விருத்தாசலத்தில் வைத்திருந்தால்கூட, பிளாஸ்திரி அளவுக்கு அந்த வேலையைப் பார்த்திருக்க முடியாது. மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்தால் ஊர் முழுகிவிடும் என்று பயப்படுவார். வராவிட்டால் மணலில் கால் புதைந்துவிடும் என்று பயப்படுவார். இட்லியில் ஆவி பறந்தால் நாக்கு வெந்துவிடும், ஆறிப்போனால் வயிறு கெட்டுவிடும். அவருடைய சொந்தப் பெயர் ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் பிளாஸ்திரி. எனக்குச் சம்பந்தி. என் மகள் அமுதாவை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறேன்.

பீங்கான் பேக்டரி ஒன்றில் பெட்டி கட்டுகிற வேலை அவருக்கு. கப்பு, பொம்மை, பியூஸ் கட்டை எல்லாவற்றையும் மரப்பெட்டியில் வைக்கோல் வைத்துக் கட்டி வெளியூருக்கு அனுப்புவார். வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் தோளில் ஒரு தகரப் பெட்டி தொங்கும். மூடியில் நெயில் பாலிஷால் சிவப்பாக ஒரு பிளஸ் குறி. பஞ்சு, துணி, டிஞ்சர், பிளாஸ்திரி என்று ஒரு சின்ன ஆஸ்பத்திரியே உள்ளே இருக்கும். கல்யாணமா, காதுகுத்தா, கருமாதியா, பெட்டி இல்லாமல் மனிதர் வாசல் தாண்ட மாட்டார்.

ஒரு கல்யாண வீட்டில் வெங்காயம் நறுக்க உட்கார்ந்த நான்கு சமையல்காரர்களுக்கும் முன்கூட்டியே விரலில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார்.

"இன்னும் வெட்டவே இல்லியே சாமி" என்றார் தலைமைச் சமையல்காரர்.

"வெட்டிட்டா ரத்தத்துல ஒட்டாதுய்யா. காஞ்ச வெரல்லதான் புடிக்கும்."

அமுதாவின் நிச்சயதார்த்தத்துக்குப் பதினோரு சீர்த்தட்டு கொண்டுவந்தார்கள். பத்துத் தட்டு வரைக்கும் பூ, பழம், புடவை என்று முறையாகத்தான் இருந்தது. பதினோராவது தட்டில் பஞ்சு, பேண்டேஜ் துணி, டிஞ்சர் பாட்டில், நடுவில் ஒரு தெர்மாமீட்டர். அதன் மேல் ஒரு முழம் மல்லிகை. "ஏண்டி, மாப்ளைக்கு ஏதாச்சும் நோவா?" என்று எங்கள் உறவுக்காரிகள் என் காதைக் கடித்தார்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்னா சம்பந்தி, எம்பொண்ண அடிக்கிறதுன்னு முடிவே பண்ணிட்டீங்களா?" என்று சபையில் கேட்டுவிட்டேன்.

மனிதர் வெளுத்துப்போனார். "ஐயோ தங்கச்சி! எங்க வூட்டு வாசப்படி ஒசரம். தடுக்கி வுழுந்துட்டாங்கன்னா?"

இந்தப் பைத்தியம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது பேக்டரி பக்கம் எல்லோருக்கும் தெரியும். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சூளையைத் திறக்கும்போது கூட வேலை செய்தவர் ஒருவருக்கு அனல் அடித்துக் கை வெந்துவிட்டது. சுவரில் முதலுதவிப் பெட்டி இருந்தது. பூட்டியிருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு மேஸ்திரி கடலூர் போயிருந்தார். பிளாஸ்திரிதான் ஓடிப்போய்ச் செங்கல்லால் பூட்டை உடைத்தார். உள்ளே இருந்தது மேஸ்திரியின் வெற்றிலை, பாக்கு, ஒரு சுண்ணாம்பு டப்பா. வேறு ஒன்றும் இல்லை. அந்த மனிதரின் விரல்கள் இன்றுவரை முழுசாக மடங்காது. மறுநாள் காலை பிளாஸ்திரி தகரப் பெட்டி வாங்கினார். ஊர் அன்றிலிருந்து சிரிக்கிறது. நானும்தான், எல்லோரையும்விடக் கொஞ்சம் சத்தமாக.

இனி விமானத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. அமுதா அங்கே முழுகாமல் இருந்தாள். முதல் பிள்ளை ஏழாம் மாதமே போய்விட்டது. இது இரண்டாவது. தலை திரும்பவில்லை, வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நீ வந்தாத்தாம்மா உள்ள போவேன்" என்று போனில் அழுதாள். மாப்பிள்ளை அலைந்து திரிந்து எனக்கும் அவர் அப்பாவுக்கும் வியாழக்கிழமைக்கு டிக்கெட் போட்டார். அதை விட்டால் ஞாயிற்றுக்கிழமைதான் இடம்.

"பயமா இருந்தா நீங்க வரவேணாம் சம்பந்தி. நான் போயிட்டு வரேன்" என்றேன்.

"நான் வரலன்னா, பிளேனு வுழுந்தா ஒங்களுக்கு யாரு கட்டுப் போடுவாங்க?"

பயணம் கிளம்புகிற நேரத்தில் பேசுகிற வார்த்தையைப் பாருங்கள்.

முதல் காரியமாக மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனார். திருட்டுப்போனது, கடன் வாங்கி ஏமாற்றினது, புருஷன் அடிக்கிறது என்று எங்கள் ஊர்ப்பக்கத்து ஜனங்கள் சாமியிடம் மனு எழுதிக் கட்டிவிட்டு வருவார்கள். பிராது என்று பெயர். சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும். பிளாஸ்திரி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்த ஆள் பேனாவை நிறுத்திவிட்டார்.

"யாரு மேல பிராது?"

"பிளேன் மேல."

"பிளேனு என்னா பண்ணுச்சி ஒன்ன?"

"இன்னும் ஒண்ணும் பண்ணல. வியாழக்கெழமதான் ஏறப்போறேன்."

சாமிக்கே அது புது வழக்காகத்தான் இருந்திருக்கும்.

அடுத்தது பெட்டி. பழைய பெட்டி தரையில் விழுகிறவர்களுக்குத்தான் ஆகுமாம். ஆகாயத்திலிருந்து விழுவதற்குத் தனியாக ஒன்று தயாரித்தார். எலும்பு முறிந்தால் வைத்துக் கட்ட மூங்கில் பத்தை எட்டு. தீக்காயத்துக்குக் களிம்பு, வேகவைத்துச் சுருட்டின வாழை இலை. தலை சுற்றினால் இஞ்சிமரப்பா. கடலில் விழுந்தால் ஊதுவதற்கு விசில். கரையில் விழுந்தால் கூப்பிடுவதற்கும் அதே விசில். ஒருநாள் மத்தியானம் என் வீட்டுக்கு வந்து, என்னை நாற்காலியில் உட்கார வைத்து, கட்டுப் போட்டுப் பழகினார். தலை, தாடை, இரண்டு கை. தயிர் கடன் கேட்க வந்த செல்வி வாசலிலேயே கிண்ணத்தைப் போட்டுவிட்டு, "ஐயோ, அக்கா போயிடுச்சே!" என்று தெருவைக் கூட்டினாள். தாடையைக் கட்டியிருந்ததால் போகவில்லை என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

சிரித்தேன், எல்லாவற்றுக்கும் சிரித்தேன். இப்போது ஒன்று சொல்கிறேன். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் கிணற்றுக்குள் விழுகிற மாதிரியே இருந்தது. வெளியே தெரியாமல் இருக்கத்தான் அவரை அவ்வளவு கேலி பண்ணினேன்.

சென்னை விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த போலீஸ்காரர் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். கத்தரிக்கோல் கூடாது. டிஞ்சர் கூடாது. மூங்கில் பத்தை கூடாது. களிம்பு அளவுக்கு மேல் இருக்கிறது, கூடாது. பத்து நிமிஷத்தில் பெட்டி காலி. பஞ்சும் வாழை இலையும் இஞ்சிமரப்பாவும் விசிலும்தான் மிச்சம்.

"சார், உள்ள தீப்புடிச்சா என்னா பண்ணுவீங்க?" என்று பிளாஸ்திரி கேட்டார்.

போலீஸ்காரர் முகம் மாறிவிட்டது. "என்ன சொன்னீங்க?"

இன்னும் இரண்டு பேர் வந்து அவரைத் தனியாக நிறுத்திச் சட்டைப்பை முதல் செருப்பு வரைக்கும் தடவினார்கள். கையைக் கூப்பிக்கொண்டு நடுவில் புகுந்தேன்.

"ஐயா, அவரு வாயில சனியன். மனசுல ஒண்ணும் கெடயாதுங்க. நாளைக்கு எம்பொண்ணுக்கு ஆபரேசனுங்க."

விட்டுவிட்டார்கள். பிள்ளையைத் தொலைத்தவர் மாதிரி காலிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாங்களே தங்கச்சி, அப்ப பிளேன்ல அவங்க பொட்டி வச்சிருப்பாங்கதான?"

"வச்சிருப்பாங்க, வாங்க."

அத்தோடு விட்டிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்?

விமானத்துக்குள் எனக்கு ஜன்னலோரம், எனக்கு இந்தப் பக்கம் அவர், அவருக்கு அந்தப் பக்கம் மங்கலம்பேட்டை பாய் ஒருவர். மஸ்கட்டில் கடை வேலை, போய்ப் பழகினவர். ஊர்ப் பேச்சைக் கேட்டதும் சிரித்தார். நானும் உட்கார்ந்து பெல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். பார்த்தால் பிளாஸ்திரி பாயைத் தாண்டிப்போய் நடைபாதையில் நிற்கிறார். எதிரில் விமானப் பணிப்பெண், வடக்கத்திப் பெண். பாய்தான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார்.

"மொதலுதவிப் பொட்டி எங்கன்னு கேளுங்க பாய்."

அந்தப் பெண் தலைக்கு மேலே இருந்த அறையைக் காட்டினாள்.

"தொறந்து காட்டச் சொல்லுங்க."

"சீல் வச்சிருக்காங்களாம். அவசரம்னாத்தான் ஒடப்பாங்களாம். இப்ப ஒடச்சா வேற பொட்டி வந்தாத்தான் பிளேனு கெளம்பும்னு சொல்லுது."

பிளாஸ்திரி பாயைப் பார்த்தார், மேலே பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். "எங்க பேக்டரிலயும் இப்பிடித்தான் பூட்டி வச்சிருந்தாங்க. உள்ள வெத்தல பாக்குதான் இருந்துச்சி. பாக்காம நான் ஒக்கார மாட்டேன்."

பாய் அதையும் மொழிபெயர்த்தார். விமானத்தின் முதலுதவிப் பெட்டியில் வெற்றிலை பாக்கு ஏன் இருக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குக் கடைசிவரை புரியவில்லை.

ஆனால் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. முன் வரிசையில் ஒருவர், "ஏன், பொட்டி இல்லியாமா?" என்றார். அதற்கு முன் வரிசையில், "எதுவோ இல்லியாம்." அதற்கும் முன்னால் போகும்போது, "ரெக்கையில எதுவோ இல்லியாம்" என்று ஆகிவிட்டது. ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். வாசல் பக்கத்திலிருந்து சட்டையில் பேட்ஜ் குத்தின இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். அவர்களோடு மூத்த பணிப்பெண் ஒருவரும் வந்தார். நரைத்த முடி, கண்ணாடி, நல்ல தமிழ்.

"ஐயா, உட்காருங்க. இல்லன்னா உங்க ரெண்டு பேரையும் இறக்கிவிட வேண்டியிருக்கும்."

ரெண்டு பேரையும்! இறக்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை என் பொண்ணு கத்திக்குக் கீழே தனியாகப் படுத்திருப்பாள். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"சம்பந்தி, அங்க அமுதா வயித்தப் புடிச்சிக்கிட்டு வாசலப் பாத்துக்கிட்டு இருக்கா. ஒக்காருங்க!"

"அதுக்குத்தான் தங்கச்சி சொல்றேன். நாம உசுரோட போவணும்ல?"

அவர் கை, கால், மீசை எல்லாம் நடுங்குகிறது. வீம்புக்கு நிற்கிற ஆள் என்றால் அதட்டி உட்கார வைத்திருப்பேன். இது அப்படி இல்லை. அந்தச் சூளைக்கு முன்னால் செங்கல்லோடு நிற்கிறார். பேட்ஜ் போட்ட ஆள் மேலே இருந்த எங்கள் பைகளை இறக்க ஆரம்பித்துவிட்டார். என் மூளை எந்த நேரத்திலும் அவ்வளவு வேகமாக ஓடினதில்லை.

"அம்மா, தொறக்கவே வேணாம்" என்றேன் அந்த மூத்த பெண்ணிடம். "அந்தப் பொட்டிய மூடினபடியே ரெண்டு நிமிசம் அவரு கையில குடுங்க. அவரு பீங்கான் பொட்டி கட்டுறவரு."

பீங்கான் பெட்டியை ஆணி அடித்து மூடின பிறகு யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். கையில் தூக்கி, காதோடு வைத்து, சாய்த்து, அசைத்துப் பார்ப்பார்கள். உள்ளே பொருள் குறைந்தால் உருளும், வைக்கோல் குறைந்தால் இடிக்கும். பிளாஸ்திரி காதுக்கு ஒரு கப்பு கூடத் தப்பாது என்று லாரிக்காரர்களே சொல்வார்கள்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டார். சீல் மேல் மட்டும் தன் விரலை வைத்துக்கொண்டார்.

பிளாஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார். பெட்டியைக் காதோடு வைத்தார். இடப்பக்கம் சாய்த்தார். வலப்பக்கம் சாய்த்தார். விரல் முட்டியால் அடியில் தட்டினார். எழுந்து நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"அடியில பஞ்சு. நெறயாவே இருக்குது" என்றார். "நடுவுல கண்ணாடிச் சாமான் ஒண்ணு. சுத்தித் துணி வச்சிருக்காங்க. ஓரத்துல கத்திரி. எதுவும் ஆடல."

கண்ணைத் திறந்தார். "நல்லாக் கட்டியிருக்காங்க தங்கச்சி."

போய் உட்கார்ந்தார். பாய் நீளமாக மூச்சு விட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அடுத்த நொடி, முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் எல்லோரும் பெல்ட் மாட்டுகிற சத்தம் டக் டக்கென்று கேட்டது. பைகள் மேலே போயின. கதவை மூடினார்கள்.

கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அவருக்குத்தான் முடிந்தது. எனக்கு அப்போதுதான் ஆரம்பம்.

கடலுக்கு மேலே போனதும் விமானம் மேட்டில் ஏறின மாட்டுவண்டி மாதிரி குதிக்க ஆரம்பித்தது. ஒரு தடவை கீழே இறங்கினது பாருங்கள், என் வயிறு மேலேயே நின்றுவிட்டது. விளக்கு அணைந்து எரிந்தது. யாரோ வாந்தி எடுத்தார்கள். நான் இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த பயமெல்லாம் ஒன்றாகக் கிளம்பி வாய் வழியாக வந்தது.

"சம்பந்தி, எம்பொண்ணு மொகத்தப் பாக்காம போயிடுவேனா? அவ கேட்டாளே, வந்தாத்தான் உள்ள போவேன்னாளே..."

சத்தமாக அழுதேன். பாய் பார்த்தார், பின் வரிசை பார்த்தது. வெட்கம் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

பிளாஸ்திரி பதறவே இல்லை. பாயின் தலையணையைக் கேட்டு வாங்கினார், தன்னுடையதை எடுத்தார், போர்வை இரண்டைச் சுருட்டினார். என் இடுப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, ஜன்னல் பக்கம் ஒன்று, முதுகுக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று. இண்டு இடுக்கு இல்லாமல் அடைத்துத் தட்டிப் பார்த்தார்.

"இப்ப ஆடுதா?"

"இல்ல."

"ஆடுனாத்தான் தங்கச்சி ஒடையும். ஆடலன்னா மஸ்கட்டு என்னா, எங்க வேணா போவலாம்."

பிறகு வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பிளாஸ்திரியை எடுத்தார். போலீஸ்காரர் தடவியும் அது மட்டும் தப்பித்திருக்கிறது. என் இடது மணிக்கட்டில் நீவி ஒட்டினார்.

"எனக்கு எங்கயும் அடிபடலியே" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இது எதுக்கு?"

"கையப் பாத்துக்கிட்டே இருங்க. ஓரம் பிரியுதான்னு பாருங்க. வெளிய பாக்காதீங்க."

பார்த்தேன். ஓரம் பிரியவில்லை. இறங்குகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அமுதா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனாள். பெண் குழந்தை. அறை வாசலில் பிளாஸ்திரி பஞ்சு உருண்டையோடு நின்றார். "உள்ள தீந்து போச்சின்னா குடுக்கலாம்ல?" என்றார். நர்சு வந்து குழந்தையைக் காட்டினபோது கையில் வாங்கப் பயந்து, நான்கு பக்கமும் சுற்றிவந்து பார்த்தார். "துணி இன்னும் கொஞ்சம் வச்சிச் சுத்தலாம்மா" என்றார்.

நாங்கள் மூன்று மாதம் கழித்து ஊர் திரும்புவதற்குள், பாய் வாயிலாகக் கதை மங்கலம்பேட்டைக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து விருத்தாசலத்துக்கும் வந்துவிட்டது. டீக்கடையில் பிளாஸ்திரி பைலட்டையே இறக்கிவிட்டதாகப் பேச்சு. நான் பையைக்கூடப் பிரிக்கவில்லை, செல்வி முதலாக ஏழெட்டுப் பேர் வந்து என் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் நின்ற மாதிரி நின்று, நடுங்கின மாதிரி நடுங்கிக் காட்டுவேன் என்று அவர்களுக்குத் தெரியும். இத்தனை வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

"பிளேனயே நிறுத்திட்டாராமேக்கா அந்த ஆளு?" என்றாள் செல்வி. "ஒங்கள எறக்கிவுட இருந்தாங்களாமே? மானம் போச்சில்ல? இன்னொரு தபா அந்த ஆளுகூட பிளேன்ல போவியா நீ?"

எல்லோரும் சிரிப்பதற்கு வாயைத் தயாராக வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

"அவரு ஏறாத பிளேன்ல நான் ஏறமாட்டேண்டி" என்றேன்.